குழாயை இப்போதைக்குச் சரிபண்ண வேண்டாம்

வாஷர்காரர் என்றால்தான் அந்தப் பக்கத்துத் தெருக்களில் அவரைத் தெரியும். எந்த வீட்டில் குழாய் ஒழுகினாலும், பையைக் கீழே வைப்பதற்கு முன்பே "வாஷர் போயிருக்கும்" என்று சொல்லிவிடுவார். பெரும்பாலும் அதுதான் சரியாக இருக்கும். முப்பத்து நான்கு வருடமாகக் குழாய் வேலை. மண்டி போட்டு மண்டி போட்டு இடது முழங்கால் மட்டும் காய்த்துப்போயிருந்தது. ஒரு சொட்டுச் சத்தம் காதில் விழுந்தால் அவருக்குச் சோறு இறங்காது. மைத்துனர் வீட்டு விருந்தில் பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோய்ச் சமையலறைக் குழாயைக் கழற்றிப்போட்டதை அவர் மனைவி இன்னும் மறக்கவில்லை.

ஒரு திங்கட்கிழமை காலை, சின்னப் பிள்ளைகள் பள்ளி ஒன்றிலிருந்து போன் வந்தது. குழாய் சொட்டுகிறதாம். போனார்.

பழைய மரச்சாமான் கிடங்கு அது. அந்தப் பகுதியில் இருப்பவர்கள் ஒன்றுசேர்ந்து அதைப் பள்ளியாக்கியிருந்தார்கள். உள்ளே பெஞ்சு இல்லை, கரும்பலகை இல்லை. ஒரு மூலையில் பஸ் கண்டக்டர் ஒருவர் யூனிஃபார்மோடு உட்கார்ந்து வெள்ளரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். இரண்டு பிள்ளைகள் அவருக்குத் துண்டு எண்ணிக் கொடுத்தார்கள். வாஷர்காரர் தலைமையாசிரியர் அறையைத் தேடினார். அப்படி ஒன்று இருப்பதாகத் தெரியவில்லை.

"இங்க பெரியவங்க யாரும்மா?" என்று எதிரே வந்த சிறுமியிடம் கேட்டார்.

"நான்தான். எனக்கு அஞ்சு வயசு முடிஞ்சிடுச்சு."

கண்டக்டர் சிரித்தார். "நான் டீச்சர் இல்லைங்க. என் பையன் இங்க படிக்கிறான். வாரத்துக்கு ஒரு நாள் எங்கள்ல யாராவது வந்து நிக்கணும். அதோ, தரையில படுத்திருக்காங்க பாருங்க, அவங்கதான் டீச்சர்."

கைகழுவும் தொட்டிக்கு அடியில் ஐந்தாறு பிள்ளைகளோடு குப்புறப் படுத்திருந்த டீச்சர் எழுந்து, சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டு வந்தார். வாஷர்காரர் குழாயைப் பார்த்தார். இறுக்கி மூடியிருந்தும் சொட்டிக்கொண்டிருந்தது. கீழே வாளி. வாளியில் தண்ணீர் ஏறிய மட்டத்துக்கெல்லாம் சாக்பீஸ் கோடுகள்.

"வாஷர் போயிருக்கும்" என்று ஸ்பேனரை எடுத்தார்.

"அண்ணா, அண்ணா, இப்போதைக்குச் சரிபண்ண வேண்டாம்!" டீச்சர் பதறிப்போய்க் கையை நீட்டினார். "பசங்க இதைப் பாத்துக்கிட்டு இருக்காங்க. வெள்ளிக்கிழமை வரைக்கும் விட்டுவைக்கலாமா?"

"அப்புறம் எதுக்கும்மா என்னைக் கூப்பிட்டீங்க?"

"அவங்களுக்குக் குழாய் தெரிஞ்சவங்க யாருகிட்டயாவது பேசணுமாம்."

அவருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அதற்குள் அந்த அஞ்சு வயசுப் பெரியவர் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"மாமா, வாஷர் போயிடுச்சுன்னு சொன்னீங்களே. எங்க போச்சு?"

"போச்சுன்னா... கெட்டுப்போச்சும்மா."

"கெட்டுப்போய் எங்க போச்சு?"

வாஷர்காரர் ஸ்பேனரைப் பைக்குள் போட்டார். பிள்ளைகள் அதற்குள் வாளிக்குள்ளும் தொட்டிக்குப் பின்னாலும் வாஷரைத் தேடத் தொடங்கிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது மனைவி கையிலிருந்த துணியை மடிப்பதை நிறுத்தினாள். "சரிபண்ண வேண்டாம்னு சொல்றதுக்கா ஒரு ஆளைக் கூப்பிடுவாங்க? நீங்க எதையாவது அரைகுறையா காதுல வாங்கியிருப்பீங்க."

"இல்லடி. ரெண்டு தடவ கேட்டேன்."

"அப்ப விட்டுத் தொலைங்க."

விடத்தான் நினைத்தார். ஆனால் எங்கேயோ ஒரு குழாய் தன்னைக் கேட்காமல் சொட்டிக்கொண்டிருக்கிறது என்ற நினைப்பு செருப்புக்குள் விழுந்த கல்லாக உறுத்தியது. புதன்கிழமை யாரும் கூப்பிடாமலே போய் நின்றார்.

அன்றைக்குப் பிள்ளைகள் நூல்கண்டோடு கிளம்பியிருந்தார்கள். குழாய் போகும் வழியெல்லாம் நூலை ஒட்டிக்கொண்டே சுவரைச் சுற்றி, வாசலைத் தாண்டி, பக்கத்துச் சலவைக் கடைவரை வந்துவிட்டார்கள். சலவைக்கார அம்மா வேலையைப் போட்டுவிட்டு, தன் கடைப் பின்பக்கத்து மீட்டரைக் காட்டிக்கொண்டிருந்தாள். ஒரு பையன் அதில் காதை வைத்துக் கேட்டான். பள்ளிக்குள்ளே அட்டைக்குழல்களால் கட்டிய இன்னொரு குழாய்ப்பாதை. அதில் தண்ணீர் தானாகவே கீழிருந்து மேலே ஏறுவதாக ஏற்பாடு.

"தண்ணி அப்படியெல்லாம் மேல ஏறாது கண்ணுங்களா..." என்று ஆரம்பித்தார்.

டீச்சர் மெதுவாகப் பக்கத்தில் வந்தார். "சொல்லிடாதீங்கண்ணா. அவங்களே ஊத்திப் பாக்கட்டும்."

ஊற்றிப் பார்த்தார்கள். அட்டை ஊறிப்போய் எல்லாம் சரிந்தது. தரை நனைந்தது. யாரும் திட்டவில்லை. துடைப்பத்துக்குச் சண்டை நடந்தது. தப்பு என்று தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு நிற்பதற்கு எந்தப் பள்ளிக்கூடத்தில் சம்பளம் தருகிறார்கள் என்று அவர் யோசித்தார். ஆனாலும் போகவில்லை, மத்தியானம்வரை நின்றார்.

வெள்ளிக்கிழமை ஒருவழியாகக் குழாயைக் கழற்ற அனுமதி கிடைத்தது. பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்தார்கள். அவர் பழைய வாஷரை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். கறுப்பு ரப்பர், ஒரு பக்கம் தேய்ந்து பாதிதான் இருந்தது.

"பாதி இருக்கு" என்றாள் அந்தச் சிறுமி. "மீதிப் பாதி?"

அவர் அந்த ரப்பரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஆயிரக்கணக்கில் கழற்றி எறிந்திருக்கிறார். தேய்ந்தது என்றால் தேய்ந்ததுதான். ஆனால் தேய்ந்தது எங்கே போனது? தண்ணீரோடா? அப்படியென்றால் யார் குடித்தார்கள்?

"தெரியலம்மா" என்றார். வேலைக்கு நடுவில் அந்த வார்த்தையைச் சொல்லி எத்தனை வருடம் ஆகிறதோ. புது வாஷரைப் போட்டார். சொட்டு நின்றது. பிள்ளைகள் கைதட்டவில்லை. ஒரு பையன் உதட்டைப் பிதுக்கி, "இப்ப ஒண்ணும் வரலையே" என்று அழத் தொடங்கினான். குழாயைச் சரிசெய்ததற்காக ஒரு ஆள் அழுததை அவர் அன்றுதான் பார்த்தார்.

அந்த மாதக் கூட்டத்துக்கு அவரையும் கூப்பிட்டார்கள். பெற்றோர், சலவைக்கார அம்மா, எதிர்வீட்டு ரிட்டயர்ட் போஸ்ட்மேன் என்று எல்லாரும் வட்டமாகக் குட்டி நாற்காலிகளில் முழங்கால் நெஞ்சில் முட்ட உட்கார்ந்திருந்தார்கள். புதுத் தொட்டியை எவ்வளவு உயரத்தில் வைப்பது என்று பேச்சு. முறை அவருக்கு வந்தது.

"எனக்கு இங்க நடக்குறது ஒண்ணுமே புரியலைங்க" என்றார். "ஆனா ரெண்டடி உயரம் சரியா இருக்கும்."

"ரெண்டு வருஷமா வர்றேன், எனக்கும் முழுசாப் புரியல" என்றார் கண்டக்டர். எல்லாரும் சிரித்தார்கள். தொட்டி இரண்டடிக்கு வந்தது.

அதன்பிறகு அவர் மாறிவிட்டார் என்று சொல்ல முடியாது. "வாஷர் போயிருக்கும்" என்று இப்போதும் சொல்கிறார், கொஞ்சம் தயங்கிச் சொல்கிறார். சில வீடுகளில் குழாய்க்குக் கீழே குந்தி வெகுநேரம் சும்மா பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று புகார். மனைவி தெருவில் யாரோ கேட்டதாக வந்து சொன்னாள்: "உங்க வீட்டுக்காரர் அந்த ஸ்கூல்ல வாத்தியாரான்னு கேக்குறாங்க. என்னன்னு சொல்றது?"

போன வாரம் டீச்சர் போன் செய்தார். மழைத்தண்ணீர் போகும் வாய்க்கால் அடைத்துக்கொண்டதாம்.

வாஷர்காரர் போனை வைக்காமலே பையை எடுத்துத் தோளில் மாட்டினார். வாசல்படியில் நின்று கேட்டார்: "சரிபண்ண வரட்டுமா, பாக்க வரட்டுமா?"

"இருங்கண்ணா, பசங்களைக் கேட்டுச் சொல்றேன்" என்றார் டீச்சர்.

அவர் போனைக் காதில் வைத்தபடி அங்கேயே நின்றார்.