ரயிலுக்கு வலிக்க வேண்டும்

என் அண்ணிக்குக் கை மரத்துப்போய் வெகு காலமாகிறது. சலவைக்கடையில் இஸ்திரி போடும் வேலை. அடுப்பிலிருக்கும் பாத்திரத்தைத் துணி பிடிக்காமல் இறக்கிவைப்பாள். "இதெல்லாம் ஒரு சூடா?" என்று நம்மைக் கேலி வேறு செய்வாள். வாய் நீளம், மனசு வெள்ளை.

அவள் வளர்த்த நாய்க்கு உடம்பு நீளம், கால் குட்டை. அதனால் பெயர் ரயில். அண்ணன் சாப்பிட்டாரா என்று அவள் கேட்காத நாள் உண்டு. ரயில் சாப்பிடாமல் அவள் தட்டில் கை வைத்த நாள் கிடையாது.

ஒரு நாள் காலையில் ரயிலால் எழுந்திருக்க முடியவில்லை. முன்னங்கால்களை ஊன்றி ஊர்ந்து வந்தது. பின்னங்கால்கள் ஈரத்துணி மாதிரி பின்னால் இழுபட்டன. தொட்டால் சில்லென்று இருந்தன.

"காலுக்கு ரத்தம் ஓடல. சூடு குடுத்தா சரியாயிடும்" என்று அண்ணி தீர்ப்பே சொல்லிவிட்டாள். டாக்டரிடம் போகலாம் என்ற அண்ணனை "நீங்க சும்மா இருங்க" என்று அடக்கிவிட்டு, வெந்நீர்ப் பையை நிரப்பி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். அந்தக் கைக்கு வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. ரயிலின் தொடையோடு சேர்த்துக் கட்டினாள். அது முனகக்கூட இல்லை. சுகமாக இருக்கிறது போலும் என்று நினைத்துக்கொண்டாள், பாவம். பையை எடுத்தபோது தோல் வெந்திருந்தது.

அப்புறம்தான் டாக்டரம்மாவிடம் ஓடினோம். அவர் ரயிலின் தொடை இடுக்கில் விரல் வைத்துப் பார்த்தார்.

"நாடி நல்லா அடிக்குது. காலுக்கு ரத்தம் வருதும்மா. சிக்கல் முதுகுல. எலும்புக்கு நடுவுல இருக்கிற மெத்தை பிதுங்கி, தண்டுவடத்தை அமுக்குது. அமுங்கின இடத்துக்குத்தான் ரத்தம் போதல. கால்ல இருக்கிற ரத்தக்குழாயைச் சுருக்கி விரிக்கிற நரம்புக்கும் தண்டுவடம்தான் வழி. அதான் சில்லுனு இருக்கு. நீங்க சுட்டதுகூட நாய்க்குத் தெரியல."

இடுக்கியால் பின்னங்கால் விரலை அழுத்தினார். கால் இழுத்துக்கொண்டது, ரயில் திரும்பியே பார்க்கவில்லை.

"கால் தானா இழுக்கும், அது கணக்குல வராது. வலி மூளைக்குப் போகணும். இன்னைக்கே ஆபரேஷன் பண்ணிடலாம். அப்புறம் வலி திரும்புச்சுன்னா நடக்க நல்ல வாய்ப்பு இருக்கு. இல்லன்னா கஷ்டம்மா."

ஆபரேஷன் முடிந்து, முதுகு அசையக் கூடாது என்பதால், ரயில் வீட்டில் ஒரு கூண்டுக்குள் படுத்துக் கிடந்தது. அண்ணி தினமும் சூட்டுப் புண்ணைத் துடைத்து மருந்து போட்டாள். எனக்கு அவள் மேல் கோபம்தான், ஒளிப்பானேன். ஆனால் அந்தக் காட்சியைப் பார்த்தால் கோபம் நிற்காது. அவள் புண்ணைத் துடைக்கத் துடைக்க, ரயில் அவள் கையை நக்கிக் கொடுக்கும். "கத்தித் தொலையேண்டா" என்று அழுவாள்.

நான் போயிருந்த ஒரு மத்தியானம், பஞ்சு புண்ணில் பட்டதுதான் தாமதம், ரயில் வீலென்று கத்திக்கொண்டு திரும்பி அவள் மணிக்கட்டைக் கவ்விவிட்டது. ரத்தம் வந்தது. அண்ணன் பதறிப்போய் ஓடி வந்தார். அண்ணி கையை இழுக்கவில்லை.

"வலிக்குதாடா?" என்றாள். "நிஜமா வலிக்குதாடா, தங்கம்?"

பிறகு கூண்டுக்குள் தலையை நுழைத்து, ரயிலைச் சுட்டதற்கு முதல் முறையாக மன்னிப்புக் கேட்டாள்.