வலது கை மட்டும் விழித்திருந்தது

ஆத்தாளை நம்புகிறவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் சிரிப்பார்கள். நம்மவர்களும் சிரித்தார்கள் என்பது வேறு விஷயம்.

போன ஆடியில் தீ மிதித்த சில நாட்களிலேயே எனக்குக் குடல்வால் வெடித்துவிட்டது. நாமக்கல்லில் ஒரு மருத்துவமனையில் அவசரமாக வயிற்றைத் திறந்தார்கள். மயக்க மருந்து கொடுத்தும் பாதியில் எனக்கு நினைவு வந்துவிட்டது. பேச்சு கேட்டது. கத்தி போன இடமெல்லாம் தெரிந்தது. தசை தளர வேறு மருந்து போட்டிருந்ததால் இமையைக்கூட அசைக்க முடியவில்லை. ஆத்தா, ஆத்தா என்று உள்ளுக்குள்ளேயே அலறினேன்.

பிறகு சொன்னேன். கனவாக இருக்கும் என்றார் டாக்டர். அதையாவது பொறுத்துக்கொண்டேன். அம்மா சொன்னதுதான் தாங்கவில்லை.

"நெருப்புல நடந்துட்டு சுடவே இல்லைன்னவ நீ. இப்பக் கத்தி வலிச்சுதுன்னா ஆத்தாளுக்குக் கொறையாகாதா? வெளிய சொல்லாத சாமி."

நம் வழக்கம் தெரியும்தானே? சுட்டது என்றால் விரதத்தில் குறை. அதனால் கொப்புளத்தை மறைத்துக்கொண்டு சிரிக்கிறோம்.

சில மாதங்களில் தையல் போட்ட இடத்தில் குடல் பிதுங்கியது. மறுபடி கிழிக்க வேண்டும் என்றார்கள். செத்தாலும் மாட்டேன் என்றேன். வெள்ளிக்கிழமை கோயிலில் நின்று, வலியை எடு என்று கேட்கவில்லை. என்னை நம்புகிற ஒரே ஒரு ஆளைக் காட்டு என்று கேட்டேன்.

சேலத்து மருத்துவமனையில் அப்படி ஒருவரைக் காட்டினாள் ஆத்தா. மயக்க மருந்து டாக்டரம்மா குறுக்கே பேசாமல் முழுதும் கேட்டார். "நெஜமாத்தாம்மா இருக்கும். பிரஷர் எறங்கியிருந்தா மருந்தைக் கொறைச்சிருப்பாங்க" என்றார். இந்த முறை நெற்றியில் பட்டை ஒட்டி மூளையின் விழிப்பைப் பார்ப்பாராம். நாடி ஏறினாலும் கண்ணீர் கசிந்தாலும் கவனிப்பாராம். அதோடு, தளர்த்தும் மருந்து போகாதபடி வலது முன்கையை இறுக்கிக் கட்டிவிடுவாராம்.

"அந்தக் கை மட்டும் அசையும். வலிச்சா என் விரலை அமுக்குங்க."

அவரை நம்பிச் சம்மதித்தேன். எல்லாம் முடிந்து கண் விழித்தபோது எனக்கு எதுவும் நினைவில்லை. அவர்தான் சொன்னார்.

"ஒருவாட்டி அமுக்குனீங்க. ஒடனே மருந்தைக் கூட்டிட்டேன்."

அழுதேன். என் அலறல் போய்ச் சேர்ந்த கை அவருடையது. ஆத்தாளின் கை என்றே நம்புகிறேன்.

அம்மா இன்னமும் கோயிலில், என் மகளுக்கு ரெண்டு தடவையும் வலிக்கவே இல்லை என்கிறாள். எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள்.

இந்த ஆடியிலும் தீ மிதித்தேன். வழக்கம்போல, சுட்டதா என்று கேட்டார்கள். "சுட்டுதுங்க" என்றேன். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நீங்களும் ஆத்தாளை நம்புங்கள். ஆனால் வலித்தால் வலிக்கிறது என்றே சொல்லுங்கள். நான் பார்த்தவரையில், அதைக் கேட்டு அவள் கோபித்துக்கொள்வதில்லை. நாம்தான் கோபித்துக்கொள்கிறோம்.