அப்பா பெயருக்கு வந்த காகிதம்

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் வருடங்களில், இலங்கை மலையகத்தில், ஹட்டனில் ஒரு கம்ப்யூட்டர் வகுப்பில் பிள்ளைகளுக்கு டைப் அடிக்கச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். வகுப்பு முடிந்ததும் அங்கிருந்த பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் இலவச இயங்குதளம் ஒன்றை ஏற்றி நோண்டுவேன். அதன் நிரலை யாரும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம். மழை வந்தால் எங்கள் டெலிபோன் லைன் விட்டுவிட்டுத்தான் வேலை செய்யும். லைன் ஒரு நொடி அறுந்தாலும் அந்த இயங்குதளம் அதுவரை இறக்கியதையெல்லாம் கைவிட்டு முதலிலிருந்து தொடங்கும். ஹட்டனில் மழை இல்லாத நாளுக்கு எங்கே போவது? எரிச்சலில்தான் அந்தப் பகுதியைத் திருத்தி எழுதினேன்.

அதைப் பற்றிப் பேச எனக்கு ஒருவரும் இல்லை. வகுப்பு நடத்தியவர், "இதுக்கு சர்டிபிகேட் குடுப்பாங்களா?" என்று ஒருமுறை கேட்டதோடு சரி. நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் அம்மாவும் நானும்தான். அப்பா இறந்து இரண்டு வருடமாகியிருந்தது.

என் திருத்தத்தை அனுப்புவதற்காக அந்த இயங்குதளத்தை வளர்ப்பவர்களின் மின்னஞ்சல் குழுவில் சேர்ந்தபோது குடும்பப் பெயர் கேட்டார்கள். எங்களுக்கு ஏது குடும்பப் பெயர்? அப்பாவின் பெயரைப் போட்டேன். அன்றிலிருந்து அங்கே எல்லோரும், நான் பெண் என்று தெரியாமல், 'மிஸ்டர்' சேர்த்து என்னை அந்தப் பெயராலேயே அழைத்தார்கள். திருத்தியிருக்கலாம். ஆனால் லயத்தில் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட யாரும் இல்லாமல் போயிருந்தது. தினமும் அதைத் திரையில் பார்ப்பது எனக்குப் பிடித்திருந்தது.

குழுவினர் சொல்லி விண்ணப்பித்த ஆய்வு உதவித்தொகை எனக்குக் கிடைத்தது. ஆறு மாதம் டைப் வகுப்பை விட்டுவிட்டு அந்த வேலையை மட்டும் செய்யலாம். ஒப்பந்தத் தாள் தபாலில் வரும், உடனே கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும் என்றார்கள். அந்த நேரம் பார்த்து மண்சரிவில் டெலிபோன் கம்பம் சாய்ந்து, வாரக்கணக்கில் இணையமே இல்லை. தினமும் பஸ்ஸை விட்டு இறங்கி வந்ததும் அம்மாவிடம் கேட்பேன்.

"காகிதம் வந்துச்சாம்மா?"

"ஒனக்கு ஒன்னும் வரலையே."

லைன் திரும்பி வந்த அன்று மின்னஞ்சலைத் திறந்தால், நான் செத்துப்போயிருந்தேன். அவர்கள் அனுப்பிய உறை, 'இறந்துவிட்டார்' என்ற குறிப்போடு திரும்பிப் போயிருந்தது. முகம் தெரியாத ஆட்கள் வரிசையாக அனுதாபம் எழுதியிருந்தார்கள். பொறுமைசாலி, நல்ல வேலைக்காரர், இனி மழையைத் திட்டி எழுத யார் இருக்கிறார்கள் என்றெல்லாம். உயிரோடு இருப்பவளிடம் இதில் ஒரு வார்த்தையைக்கூட யாரும் சொன்னதில்லை. உதவித்தொகையை அடுத்தவருக்குக் கொடுத்துவிட்டார்களாம்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கத்தினேன். அம்மா அடுப்பிலிருந்து திரும்பாமலே சொன்னார்.

"அது அப்பா பேருக்குல்ல வந்துச்சு. காலையில வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுல, கணக்கப்பிள்ளை ஐயா தபால் குடுக்கையில அவரு பேரச் சொல்லிக் கூப்பிட்டாரு. அவரு செத்து ரெண்டு வருசமாச்சுங்கய்யான்னேன். எழுதித் திருப்பி அனுப்பிட்டாங்க."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீயும் அழுவேன்னுதான்."

அதற்குமேல் யாரைத் திட்டுவது? ஒரே பெயரை வைத்துக்கொண்டு இருவரும் தனித்தனியாக அழுதிருக்கிறோம். அன்று முதல் முறையாக நான் அம்மாவுக்கு முன்னால் அழுதேன்.

மறுநாள் நான் உயிரோடு இருப்பதாகக் குழுவுக்கு எழுதினேன். சந்தோஷப்பட்டார்கள், மன்னிப்பும் கேட்டார்கள். உதவித்தொகையை மட்டும் இனி ஒன்றும் செய்ய முடியாது என்றார்கள். நான் திருத்திய நிரலின் தொடக்கத்தில், இது இன்னாரின் நினைவாக என்று ஒரு வரி சேர்த்துவிட்டார்களாம். அடுத்த பதிப்பில் அதை எடுத்துவிடுவதாகச் சொன்னார்கள்.

"எடுக்க வேண்டாம்" என்று எழுதினேன். "அது என் அப்பாவின் பெயர். அவர் இறந்தது உண்மைதான்."

அனுப்பிவிட்டு டைப் வகுப்புக்குப் போனேன்.