எட்னா தேய்த்த பித்தளை

பிரின்ஷம் ஊரில் எட்னா தர்லோவுக்குப் பிடிக்காதவர்கள் நிறையப் பேர் உண்டு. தபால் நிலையத்துக்காரியைப் பிடிக்காது, ஆர்கன் வாசிப்பவரைப் பிடிக்காது, எதிர்வீட்டு நாயைக்கூடப் பிடிக்காது. ஆனால் அவள் வயிறு எரிந்தது ஒரே ஒருத்தியைப் பார்த்துத்தான். அது அவளுடைய ஓரகத்தி லெட்டி.

1946 கோடையில் தர்லோ சகோதரர்கள் இருவரும் போரிலிருந்து திரும்பி, ஒரே மாதத்தில், தூய பொடோல்ஃப் ஆலயத்தில் கல்யாணம் செய்துகொண்டார்கள். மூத்தவன் ஹெர்பர்ட் எட்னாவைக் கட்டினான். இளையவன் சிரில் லெட்டியைக் கட்டினான். துணி வாங்கக்கூட ரேஷன் கூப்பன் கேட்ட காலம் அது. எட்னா அத்தை மகளிடம் இரவல் வாங்கிய சாம்பல் நிறக் கோட்டும் பாவாடையுமாகப் போய் நின்றாள். லெட்டிக்கோ எங்கிருந்தோ பாராசூட் பட்டு கிடைத்துவிட்டது. அவள் ஆலயத்துக்குள் நுழைந்தபோது பெஞ்சு பெஞ்சாக எழுந்த பெருமூச்சு எட்னாவின் காதில் வெகுநாள் கேட்டுக்கொண்டே இருந்தது. மாமியாரும் தன் பங்குக்கு ரோஜாப்பூ போட்ட தேநீர்க் கோப்பைகளை லெட்டிக்கும், மீன் வேகவைக்கும் நீளப் பாத்திரத்தை எட்னாவுக்கும் கொடுத்தாள். எட்னா வீட்டில் ஹெர்பர்ட்டுக்கு மீன் வாசனையே ஆகாது.

அதற்குப் பிறகு எல்லாம் அப்படித்தான். கோடைத் திருவிழாவில் லெட்டியின் கேக்குக்கு முதல் பரிசு, எட்னாவின் கேக்குக்கு இரண்டாம் பரிசு. ஒன்பது வருஷம் தொடர்ந்து! லெட்டியின் பையன்கள் இருவரும் வெள்ளை அங்கி போட்டுப் பாடகர் குழுவில் பாடினார்கள். எட்னாவின் ஒரே மகளை, ஜெப நேரத்தில் சிரித்தாள் என்று குழுவிலிருந்து அனுப்பிவிட்டார்கள். இதில் பெரிய கொடுமை என்னவென்றால், லெட்டி எதற்கும் மெனக்கெட்டதாகவே தெரியாது. மாவை ஏனோதானோ என்று கலக்குவாள், கேக் எழும்பி நிற்கும். எட்னா தராசு வைத்து நிறுப்பாள், நடுவில் குழி விழும். மெனக்கெடாமல் ஜெயிக்கிறவர்களை மன்னிக்க எட்னாவுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியாது, அதனால் அவளைக் குறை சொல்ல மாட்டேன்.

அவளுக்கென்று இருந்தது ஒன்றே ஒன்று, பித்தளை.

ஆலயத்தின் பலிபீடத்துக்கு முன்னால் கல்லறைகளின் மேல், உருவம் செதுக்கிய இரண்டு பித்தளைத் தகடுகளைத் தரையில் பதித்திருக்கிறார்கள். ஐந்நூறு வருஷத்துக்கு முந்திய கம்பளி வியாபாரி ஒருவர் வடக்குப் பக்கம் கைகூப்பிப் படுத்திருப்பார். அவர் மனைவி தெற்குப் பக்கம். 1949இல் அப்போதைய பாதிரியார் சனிக்கிழமை ஆலயத்தைச் சுத்தம் செய்வதற்கு முறைப்பட்டியல் எழுதியபோது வியாபாரியை எட்னாவிடமும், மனைவியை லெட்டியிடமும் ஒப்படைத்தார். தெற்கு ஜன்னல் வழியே வரும் வெயில் விழுவது வடக்குப் பக்கத்தில்தான். எட்னாவுக்கு அன்று கால் தரையில் பாவவில்லை.

சனிக்கிழமை காலை தவறாமல் முழங்காலுக்கு அடியில் ஒரு மெத்தையைப் போட்டுக்கொண்டு, பாலிஷ் டப்பாவும் பழைய உள்சட்டைத் துணியுமாக உட்கார்ந்துவிடுவாள். இரண்டு மணி நேரம் தேய்ப்பாள். மகள் பிறந்து மூன்றாம் வாரமே வந்து தேய்த்தாள். ஹெர்பர்ட்டை அடக்கம் பண்ணிய வாரமும் தேய்த்தாள். ஞாயிற்றுக்கிழமை அந்தத் தகடு தங்கம் மாதிரி மின்னும். லெட்டியோ ஒரு வருஷம் ஆனதும் தன் தகட்டின் மேல் ஒரு பழைய கம்பளத்தைப் போட்டு மூடிவிட்டாள். பட்டியலில் மட்டும் வாராவாரம் கையெழுத்து. எட்னா இதை யாரிடமும் சொல்லவில்லை. இந்த ஒரு விஷயத்திலாவது லெட்டி தோற்றுக்கொண்டிருக்கிறாள் என்பதைச் சாப்பாட்டுக்குப் பிந்திய இனிப்பு மாதிரி வாயில் போட்டுச் சப்பிக்கொண்டிருந்தாள், முப்பத்தெட்டு வருஷம்.

அப்போதுதான் மிஸ் குவெனல் வந்தார். மாவட்டத்து ஆலயப் பித்தளைகளைப் பற்றி அவர் புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார். ஒவ்வோர் ஆலயத்திலிருந்தும் ஒரே ஒரு தகட்டைத் தாளில் ஒற்றி எடுத்த படம், அதற்குக் கீழே அதைப் பராமரித்து வருபவரின் பெயர். பாதிரியார் ஹோல்ரிட் இதை அறிவித்த நிமிடமே எட்னா மனசுக்குள் அச்சடித்துவிட்டாள்: ‘திருமதி எட்னா தர்லோ.’ லெட்டியின் பெயர் அந்தப் பக்கத்தில் எங்கேயும் இருக்காது. அந்த வாரம் அவள் நான்கு நாள் தேய்த்தாள்.

மிஸ் குவெனல் காற்சட்டை போட்ட, கறாரான பெண்மணி. வியாபாரியின் மேல் வெள்ளைத் தாளை விரித்து, கறுப்பு மெழுகுக் கட்டியால் மெதுவாகத் தேய்த்தார். பள்ளம் வெள்ளையாக நிற்கும், மேடு கறுப்பாக ஏறும். உருவம் தாளில் எழுந்து வரும். எட்னா பக்கத்திலேயே நின்றாள். லெட்டியும் பாதிரியாரும் கொஞ்சம் தள்ளி நின்றார்கள்.

தாளில் உருவம் வந்தது. ஆனால் முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கறுப்பு முட்டைதான் இருந்தது. கண் இல்லை, மூக்கு இல்லை. கூப்பிய கையில் விரல்கள் இல்லை. எழுத்தில் பாதி இல்லை.

“இதை யாரு பாலிஷ் போடுறது?” என்று கேட்டார் மிஸ் குவெனல்.

“நான்தாங்க! முப்பத்தெட்டு வருஷமா. ஒரு சனிக்கிழமை விட்டதில்ல. என் மூஞ்சியே தெரியும் பாருங்க அதுல.”

“உங்க மூஞ்சி தெரியுது. அவரு மூஞ்சிதான் போயிடுச்சு. ஒவ்வொரு தடவை தேய்க்கும்போதும் கொஞ்சம் கொஞ்சமா பித்தளையும் சேர்ந்து வந்துடும்மா. யாரும் உங்ககிட்ட சொல்லலையா?”

யாரும் சொல்லவில்லை. எல்லோரும் பளபளப்பைப் பாராட்டத்தான் செய்திருந்தார்கள். வாராவாரம் பார்க்கும் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மறைந்தால் பார்க்கிறவளுக்கு எப்படித் தெரியும்?

மிஸ் குவெனல் தெற்குப் பக்கம் போய்க் கம்பளத்தைச் சுருட்டினார். தூசி தும்மலை வரவழைத்தது. தாளை விரித்துத் தேய்க்கத் தேய்க்க வியாபாரியின் மனைவி முழுசாக எழுந்து வந்தாள். கண்ணிமை இருந்தது, விரலில் மோதிரம் இருந்தது. பாவாடை நுனியைக் கடித்து இழுக்கும் நாய்க்குட்டியின் கழுத்தில் மணிகூட இருந்தது.

“அருமை! இதைப் பாத்துக்கிட்டது யாரு?”

லெட்டி தொண்டையைக் கனைத்தாள். “நான்... நான் பெருசா ஒண்ணும்...”

“ஒண்ணுமே பண்ணல அவ!” எட்னாவின் குரல் கூரையில் மோதியது. “ஒரு நாளு தொட்டதில்ல! கையெழுத்து போட்டுட்டு டீ குடிக்கப் போயிடுவா. நான் சத்தியம் பண்றேன்!”

“அதனாலதாம்மா இது பொழச்சுது” என்றார் மிஸ் குவெனல், நோட்டுப் புத்தகத்தைத் திறந்தபடியே. “பேரு சொல்லுங்க. லெட்டி தர்லோ, இல்லையா?”

ஜெயித்தவள் பார்த்துச் சிரித்தாலாவது பரவாயில்லை, லெட்டி அப்படிக்கூடச் சிரிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டாள். எட்னாவுக்கு அது இன்னும் எரிந்தது.

அடுத்த சனிக்கிழமை முறைப்பட்டியலின் மேல் பாதிரியாரின் கையெழுத்தில் ஒரு சீட்டு: பித்தளைத் தகடுகளை இனி யாரும் தொட வேண்டாம். எட்னா அதைப் படித்தாள். படித்துவிட்டு உள்ளே போய், தெற்குப் பக்கத்தில் முழங்காலிட்டாள். கம்பளத்தை ஒதுக்கினாள். பாலிஷ் டப்பாவைத் திறந்து துணியை நனைத்தாள். வியாபாரி மனைவியின் மூக்கில் தொடங்கலாம் என்று நினைத்தாள். ஒரு நாளில் போகாது. ஆனால் அவள் கைக்கு வலு இருந்தது, சனிக்கிழமைகளும் மிச்சம் இருந்தன.

“என்ன பண்ற எட்னா?”

லெட்டிதான். இடுப்பு வலியால் சாய்ந்து சாய்ந்து வந்து பலிபீடப் படியில் உட்கார்ந்தாள்.

“பாத்தா தெரியல?”

“தெரியுது. தேய்ச்சுக்கோ. எனக்கென்ன?” லெட்டி கையுறையைக் கழற்றி மடியில் எறிந்தாள். “இந்தத் தகட்டுப் பொம்பளையக் கண்டாலே எனக்கு ஆகாது. நானும் தேய்ச்சவதான், தெரியுமா? முதல் வருஷம் பூரா. நகம் தேய தேய்ச்சேன். ஞாயித்துக்கிழமை வந்து பாத்தா எல்லாரும் உன் பக்கமே நிப்பாங்க. என் பக்கம் ஒரு நாதி கிடையாது. ஒரு நாள் சிரில் சொல்றான், என் புருஷன், என் பக்கத்துல நின்னுக்கிட்டே: ‘எட்னா கை பட்டா அது தனிதான்’னு. அன்னைக்கே வீட்டுக்குப் போயி, படுக்கையறைக் கம்பளத்தை உருட்டிக்கிட்டு வந்து இவளை மூடினேன். உன் பக்கம் பாக்கவே எனக்குப் பத்திக்கிட்டு வரும்.”

எட்னாவின் கை துணியோடு நின்றது.

“சிரிலா சொன்னான்?”

“சிரில்தான்.”

“என்னைப் பத்தியா?”

“வேற யாரைப் பத்தி? எட்னான்னு ஊருல ஒருத்திதானே இருக்க.”

எட்னா துணியை மடித்தாள். டப்பாவின் மூடியை எடுத்துத் திருகி இறுக்கினாள். முழங்காலில் இருந்தபடியே திரும்பி, நன்றாகக் கேட்கும்படி ஓரகத்திக்கு நேராக உட்கார்ந்துகொண்டாள்.

“முதல்ல இருந்து சொல்லு” என்றாள். “மெதுவா சொல்லு. அவன் சொன்னப்ப நீ எங்க நின்ன?”

லெட்டி பல்லைக் கடித்துக்கொண்டு முதலிலிருந்து சொன்னாள்.