சீர்த் தண்ணீர்

ஆடிப் பதினெட்டுக்கு மற்ற பெண்களுக்குப் பிறந்த வீட்டிலிருந்து புடவை வரும். எனக்குத் தண்ணீர் வரும்.

என்னை மேற்கு மலைக் கணவாயை ஒட்டிய சித்தூருக்குக் கிழக்கே, கடைமடையில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். பிறந்த வீடு அதே வாய்க்காலில் மேலே, தலைமடையில். தண்ணீர் முறை வைத்துத்தான் பாயும். இன்ன நாள் இன்னார் வயலுக்கு என்பது எல்லோருக்கும் தெரியும். தன் முறையில் அரை நாளை அண்ணன் எனக்கு ஆடிச் சீராக விட்டுக்கொடுப்பார். விட்டால் மட்டும் போதாதென்று, வழியில் யாரும் திருப்பிவிடாதபடி தண்ணீரோடு கூடவே கரையில் நடந்து வருவார். நான் வயலோரம் காத்து நிற்பேன். காய்ந்த வாய்க்காலில் முதலில் சருகு உருண்டு வரும், பின்னால் நுரை, அதன் பின்னால் வேட்டியை மடித்துக் கட்டிய அண்ணன். என்னைவிடக் கொடுத்துவைத்தவள் எவளும் இல்லை என்று நினைத்துக்கொள்வேன். அந்த ஈர மண் வாசம் இன்னும் மூக்கிலேயே நிற்கிறது.

அந்தத் திமிரில்தான் எழுபதுகளின் நடுவில் ஒரு வருஷம் தப்பு செய்தேன். மேட்டு வயலிலும் நட வேண்டாம் என்றார் கணவர். சீர்த் தண்ணீரை நம்பி நான்தான் நடச் சொன்னேன்.

கணவாய் வழியாகக் காற்று வந்தது, மழை வரவில்லை. மலையிலிருந்து வருகிற தண்ணீரும் சுருங்கிவிட்டது. மதகில் இரண்டு போலீஸ்காரர்களைக் காவல் போட்டார்கள். களவு போகிற அளவுக்கு அதில் தண்ணீரும் இல்லை. சம்பந்தம் பேசிய வாயாலேயே தலைமடைக்காரர்களும் கடைமடைக்காரர்களும் ஒருவரையொருவர் ஏசினார்கள். பருவநிலை மாறி நாடுகள் தண்ணீருக்காக மோதிக்கொள்ளும் என்று இப்போது பெரிய மனிதர்கள் செய்தியில் எச்சரிக்கும்போது எனக்கு எரிச்சல்தான் வரும். நாடு வரைக்கும் எதற்குப் போக வேண்டும், அண்ணன் தங்கை போதாதா?

ஆடிப் பதினெட்டு வந்தது, தண்ணீர் வரவில்லை. நட்ட பயிர் நுனி கருகிக்கொண்டிருந்தது. மதியம் வரை பார்த்துவிட்டு வாய்க்கால் கரையோடு மேலே நடந்தேன். அண்ணன் வாய்க்காலை மண் போட்டு அடைத்துத் தன் வயலுக்குத் திருப்பியிருந்தார். அவருடைய முறை அது, தப்பே இல்லை. ஆனாலும் எனக்குப் பொறுக்கவில்லை. பக்கத்து வயல்காரர்களும் அந்தப் போலீஸ்காரர்களும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கேட்டுவிட்டேன்.

“ஏனுங்கண்ணா, இந்த வருசம் எனக்குச் சீர் கெடையாதுங்களா?”

அண்ணன் நிமிரவில்லை. தன் வயலை ஒருமுறை பார்த்தார்.

“உனக்கில்லாததா அம்மிணி” என்று சொல்லி, மம்மட்டியால் அடைப்பு மண்ணை வாரி எடுத்தார்.

வழக்கம்போலத் தண்ணீரோடு கூடவே நடந்து வந்தார். நான் பின்னால் நடந்தேன். மேட்டு வயல் நனைந்ததும் சாப்பிடக் கூப்பிட்டேன். வேலை கிடக்கிறது என்று திரும்பிவிட்டார்.

பின்னால் தூறல் விழும் வரை எங்கள் பயிர் தாக்குப்பிடித்தது. பத்து நாள் கழித்துப் பிறந்த வீட்டுக்குப் போனேன். அண்ணன் வயலில் மாடு மேய்ந்துகொண்டிருந்தது. காய்ந்துபோன பயிரில் மாட்டை அவிழ்த்துவிட்டிருந்தார். அண்ணி காபி கொடுத்தார், வயலைப் பற்றி வாயே திறக்கவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

அறுத்ததும் முதல் வேலையாக ஒரு வண்டி நெல் ஏற்றி அனுப்பினேன். பெண்ணைக் கட்டிக்கொடுத்த வீட்டிலிருந்து எதையும் வாங்குவது எங்களில் வழக்கமில்லை. அது தெரிந்தேதான் அனுப்பினேன். வண்டி பாரத்தோடு திரும்பி வந்தது.

அடுத்த ஆடியில் நல்ல மழை. வாய்க்கால் நிரம்பி ஓடியது. காலையிலேயே போய் வயலோரம் நின்றுகொண்டேன். வாய்க்கால் கரையில் யாரும் வரவில்லை. அண்ணன் ரோட்டு வழியாக வந்தார், கையில் ஒரு புடவைப் பொட்டலத்தோடு.