கருவாட்டுப் பையில் ஒரு மெக்னட்டோ

தெரேசம்மா பயந்தவள். இதில் ஒளித்து மறைக்க ஒன்றுமில்லை. யட்டியாந்தோட்டைப் பக்கத்து அந்த ரப்பர் தோட்டத்தில் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். பாம்புக்குப் பயமா என்றால் இல்லை. இருட்டோடு எழுந்து பால் வெட்டப் போகிறவள் பாம்புக்குப் பயந்தால் அடுப்பு எரியுமா? அவளுடைய பயமெல்லாம் ஆட்களிடம்தான். காக்கிச் சட்டையைக் கண்டால் வந்த வழியே திரும்பிவிடுவாள். ரோட்டில் ஜீப் சத்தம் கேட்டால் கதவைச் சாத்திக்கொள்வாள். கையெழுத்துப் போடச் சொன்னால் தன் பெயரே மறந்துபோகும்.

அவளைக் குறை சொல்லவும் முடியாது. எண்பத்து மூன்று கலவரத்தில் அவள் சின்னப் பிள்ளை. தோட்டத்து ஆட்கள் குடியிருந்த லயத்துக்கு நெருப்பு வைக்க வருகிறார்கள் என்று சத்தம் வந்ததும் அவளுடைய அப்பா அவளை ரப்பர் மரங்களுக்குள் கொண்டுபோய் உட்கார வைத்து, "மூச்சு விடாத" என்று சொல்லிவிட்டு மற்றப் பிள்ளைகளைத் தூக்க ஓடினார். விடிந்ததும் வந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டார். பிள்ளை வாயைத் திறக்கவில்லை. பக்கத்து மரத்தடியில் நின்று அப்பா அழுகிறார், இவள் பார்த்துக்கொண்டே இருக்கிறாள், சத்தம் வரவில்லை. அப்படி உள்ளே போய் உட்கார்ந்த பயம், கல்யாணமாகி மகள் சரோன் பிறந்து வளர்ந்த பிறகும் எழுந்து போகவில்லை.

புருஷன் செல்வநாயகம் அவளுக்கு நேரெதிர். சிரித்த முகம். இரும்பைக் கண்டால் சோறு தண்ணீர் மறந்துவிடும். ரப்பர் பெக்டரியில் பிட்டராக இருந்தவன். அவனிடம் ஒரே ஒரு கோளாறு, அது சட்டைப் பையில் இருந்தது. எழுபத்தேழு கலவரத்தில் அவன் குடும்பம் பயந்து வவுனியாவுக்குப் போய்விட்டது. அடையாள அட்டை எடுத்தது அங்கேதான். தொண்ணூறில் அந்தப் பக்கம் சண்டை முற்றவும் உடுத்த துணியோடு திரும்பி வந்தான். ஆனால் அட்டையில் விலாசம் வவுனியாதான். வடக்கு விலாசம் என்றாலே புலியா என்று பார்க்கிற காலம். மாற்றப் போனால் ஏன் எதற்கு என்று குடைவார்கள் என்று தெரேசம்மா விடவில்லை. அந்த அட்டையோடு அவன் கொழும்புப் பக்கம் தலை காட்டவும் விடவில்லை. சாமான் வாங்கக் கொழும்புக்குப் போன மேல் லயத்துப் பையன் ஒருவனை லொட்ஜில் வைத்துப் பொலிஸ்காரர்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். இவ்வளவுக்கும் அவன் அட்டையில் நம் தோட்டத்து விலாசம்தான். அவன் அம்மா இன்னும் பூசா தடுப்பு முகாமுக்கும் வீட்டுக்குமாக நடந்துகொண்டிருக்கிறாள்.

இரண்டாயிரத்து ஏழில் பெக்டரியை மூடினார்கள். செல்வநாயகம் வேலையில்லாமல் லயத்து வாசலில் உட்கார்ந்திருந்தபோதுதான் கித்துல்கலையில் ஆற்றோரம் ஹோட்டல் வைத்திருந்த சிங்கள மாத்தயா, முதலாளி ஒருவர் ஆள் அனுப்பினார். வெள்ளைக்காரத் தொரை காலத்து பி.எஸ்.ஏ. மோட்டார் சைக்கிள் ஒன்று அவருக்குக் கிடைத்திருந்தது. கிடைத்த இடம் கோழிக்கூடு. அதை ஓட வைத்துக் கொடுத்தால் ஹோட்டலில் ஜெனரேட்டரும் தண்ணீர் மோட்டாரும் பார்க்கிற வேலை நிரந்தரம் என்றார். சாமான் தேடுவது உன் பாடு, ஓடாவிட்டால் வேலையும் இல்லை என்பதையும் சிரித்துக்கொண்டே சொன்னார்.

வண்டி லேண்ட் மாஸ்டர் டிராக்டரில் வந்து இறங்கியது. வண்டி என்று சொல்வது மரியாதைக்கு. வந்தது துருவும் கோழி எச்சமும்தான். அதைப் பார்த்து இவன் தாலி கட்டின அன்றைக்குக்கூடச் சிரிக்காத சிரிப்புச் சிரித்தான்.

அதற்குப் பிறகு அந்த ஒற்றை அறைக் காம்பரா பட்ட பாட்டைக் கேட்கக்கூடாது. பெட்ரோல் டேங்கைச் சரளைக்கல் போட்டுக் குலுக்கிக் குலுக்கித் துரு எடுத்தார்கள். மட்கார்டைத் தார்ப் பீப்பாய்த் தகரத்தில் அடித்து வளைத்தான். பிஸ்டனுக்குக் கேகாலையில் லேத்து வைத்திருந்த ஒருவனிடம் காவல் கிடந்தான். வளர்த்த ஆடு போனது. தெரேசம்மாவின் தோடு போனது. சோற்றுப் பானையைத் திறந்தாலும் மண்ணெண்ணெய் வாசம். "இந்தச் சனியனுக்கு நான் சக்களத்தியா வாக்கப்பட்டிருக்கேன்" என்று அவள் புலம்பாத நாளில்லை. புலம்பிக்கொண்டேதான் டோர்ச் பிடிப்பாள்.

எல்லாம் சேர்ந்தும் மெக்னட்டோ மட்டும் உயிர் பெறவில்லை. இன்ஜினுக்குள் நெருப்புப் பொறி கொடுக்கிற சாமான் அது. உரித்த தேங்காய் அளவு இரும்பு, உள்ளே கம்பிச் சுருள், வெளியே ஒரு வயர். ஆரம்பத்தில் ஒரு நாள் அதன் அச்சைச் சுற்றிக்கொண்டே, "வயரப் புடி" என்றான். பிடித்தாள். சுள்ளென்று தோள்வரைக்கும் இழுத்தது. அவள் அலறினாள், அவன் விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு அதுவும் அடங்கிப்போய்விட்டது. சுருள் எரிந்துவிட்டது, வேறு ஒன்று வாங்கத்தான் வேண்டும் என்றான். கொழும்புப் பஞ்சிகாவத்தையில் பழைய சாமான் விற்கிற முக்தாரிடம் ஒன்று இருப்பதாகத் தகவலும் வந்தது.

"நான் காலையில போயிட்டு அந்தியாக முந்தி வந்துருவேன்" என்றான் செல்வநாயகம்.

"வேணாம். நான் போறேன்."

சொன்னது தெரேசம்மாதான். அவளுக்கே அதிசயமாக இருந்தது. அவிசாவளைக்கு அப்பால் தனியாகப் போகாதவள். ஆனால் சட்டைப் பையில் இருந்த அந்த அட்டையை நினைத்ததும் வாய் முந்திக்கொண்டது.

"பொம்பளன்னா அவ்வளவா சோதிக்க மாட்டாங்கதான்" என்று அவனும் யோசித்தான். "ஆனா ஒண்ணு தெரேசு. சாமானக் கையில தெரியிற மாதிரிக் கொண்டாந்துரு. கேட்டா மோட்டர் சைக்கிள் சாமான்னு சொல்லு. ஒளிக்காத."

தலையாட்டினாள். தலையாட்டுவதில் என்ன கஷ்டம்?

முக்தார் நல்ல மனுசன். "தங்கச்சி, டீ குடிச்சிட்டு இருங்க, கட்டிக் குடுக்கிறேன்" என்று உள்ளே போனார். தெரேசம்மா கடை வாங்கில் உட்கார்ந்து தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பொலிஸ் வருகிறதா, ஆமி வருகிறதா என்று பார்த்ததில் டீ ஆடை கட்டிப்போனது. சாக்குத் துணியில் சுற்றி, கயிற்றால் இறுக்கிக் கட்டிய கனத்த பொதி ஒன்று மடிக்கு வந்தது. ஒரு மூலையில் வயர் நுனி நீட்டிக்கொண்டிருந்தது.

அந்த வயரைப் பார்த்ததும் அவளுக்கு வியர்த்துவிட்டது. இதைக் கையில் பிடித்துக்கொண்டு எப்படிப் போவது? குண்டு என்று நினைத்துப் பார்த்த மாத்திரத்தில் சுட்டுவிட மாட்டானா? புறக்கோட்டையில் கருவாட்டுக் கடையைக் கண்டதும் புத்தி வந்ததுபோல் இருந்தது. ஒரு பை நிறையக் கட்டாக் கருவாடு வாங்கினாள். பொதியை அடியில் வைத்து மேலே கருவாட்டை அடுக்கினாள். இந்த நாற்றத்துக்குள் எவன் கையை விடுவான்? தன் கெட்டிக்காரத்தனத்தை மெச்சிக்கொண்டு ஹட்டன் பஸ்ஸில் ஏறினாள். பக்கத்தில் உட்கார்ந்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து வேறு சீட்டுக்குப் போனார். அதுவும் நல்லதற்கே என்று நினைத்தாள் அந்த மகராசி.

அவிசாவளைக்குக் கொஞ்சம் முன்னால் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் பையோடு இறங்கச் சொன்னார்கள். வரிசையில் நின்றாள். அடையாள அட்டை பார்த்தார்கள், சரி. பையைக் கீழே வைக்கச் சொன்னார்கள், வைத்தாள். சோதித்தவன் மீசை சரியாக முளைக்காத சிப்பாய். அவன் கையை விடவில்லைதான். குச்சியை விட்டான். கருவாட்டுக்குள் போன குச்சி டக்கென்று இரும்பில் இடித்தது.

"மே மொகக்த?" என்றான். இது என்ன என்று கேட்கிறான். தெரேசம்மாவுக்குச் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு, சந்தையில் விலை பேசினால் ஆளைத் தமிழ் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அந்த நேரம் ஒரு சொல் வரவில்லை. ரப்பர் மரத்தடியில் உட்கார்ந்திருந்த பிள்ளையாகவே ஆகிவிட்டாள். அவன் பையைக் குச்சியால் கவிழ்த்தான். கருவாடு ரோட்டோரம் சிதறியது. நடுவில் பொதி உருண்டு, வயர் நுனி மேலே பார்த்துக்கொண்டு நின்றது.

அவ்வளவுதான். சிப்பாய் கத்தின கத்தில் சனம் சிதறி ஓடியது. பஸ்ஸைப் பின்னால் எடுத்தார்கள். அவளை மட்டும் மணல் மூட்டைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போய் உட்கார வைத்தார்கள். துப்பாக்கி முனை முதுகைத் தொடவில்லை, ஆனால் அங்கே இருக்கிறது என்று முதுகுக்குத் தெரிந்தது.

நரைத்த தலையோடு ஒரு சார்ஜன் வந்தார். அவர் சிங்களத்தில் கேட்க, இவளும் ஒருவழியாகச் சிங்களத்தில் வாயைத் திறந்து, மோட்டார் சைக்கிள் சாமான், கித்துல்கலை ஹோட்டல் மாத்தயாவின் வண்டிக்கு என்று சொல்லி முடித்தாள். அவர் ஹோட்டலுக்குப் போன் எடுத்தார். மாத்தயா போட்டில் ஆற்றுக்குப் போயிருக்கிறார், இங்கே வேறு ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது என்று பதில் வந்தது.

"மோட்டார் சைக்கிள் சாமான் என்றால் எதற்கு ஒளித்தாய்?"

"பயத்தில."

"எதற்குப் பயம்?"

அவர் தோளில் தொங்கிய துப்பாக்கியைப் பார்த்தாள்.

"கட்டினது நீயா?"

"இல்ல, கடையில."

"கட்டும்போது பார்த்தாயா?"

பார்க்கவில்லை. தெருவைத்தானே பார்த்துக்கொண்டிருந்தாள். இல்லை என்று தலையாட்டியபோதுதான் அவளுக்கு உள்ளே ஏதோ கழன்று விழுந்தது. உண்மையிலேயே அதில் என்ன இருக்கிறது? முக்தார் நல்ல மனுசன் என்று யார் சொன்னது? டீ வாங்கிக் கொடுத்தால் நல்ல மனுசனா? யாராவது அவரையே ஏமாற்றி எதையாவது வைத்திருந்தால்? இதுவரை அவளுக்கு ஆமிக்குத்தான் பயம். இப்போது அந்தப் பொதிக்கும் பயம் வந்துவிட்டது.

"பெரிய ஆட்கள் வந்து பார்க்கும்வரை நீ இங்கேதான். அவர்கள் வந்து உன்னைக் கொண்டுபோவார்கள்" என்றார் சார்ஜன். கொண்டுபோவார்கள் என்ற சொல்லில் அவளுக்கு மேல் லயத்துத் தாயின் முகம் தெரிந்தது. இங்கிருந்து அடுத்தது தோட்டத்துக்குத்தான் போவார்கள். புருஷன் யார் என்பார்கள். அட்டையை எடு என்பார்கள்.

"நானே அவுத்துக் காட்டுறேன்" என்றாள்.

சார்ஜன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கையைக் காட்டினார், போ என்று.

பொதி கிடந்த இடம் பெரிய தூரமில்லை. செபம் சொல்லிக்கொண்டே நடந்தாள். "அருள் நிறைந்த மரியே" என்று தொடங்கி, நடுவில் "பரலோகத்தில்" புகுந்து, மறுபடி மரியாளுக்கு வந்தாள். மாதா கோபித்துக்கொள்ளப் போகிறாளே என்று அதற்கும் ஒரு பயம். காகம் இரண்டு கருவாட்டைக் கொத்திக்கொண்டிருந்தன. உட்கார்ந்தாள். முடிச்சு குருட்டு முடிச்சு, பல்லால் கடித்து அவிழ்த்தாள். சாக்கு, பிறகு எண்ணெய் ஊறிய பத்திரிகைத் தாள். உள்ளே கறுப்பு இரும்பு. பார்க்க மெக்னட்டோ மாதிரிதான் இருந்தது. ஆனால் குண்டையும் பார்க்க அப்படித்தானே செய்வார்கள்?

வயர் நுனியை இரும்புக்குக் கிட்டப் பிடித்துக்கொண்டு, செல்வநாயகம் சுற்றுகிற மாதிரி அச்சைச் சுற்றினாள். ஒன்றுமில்லை. மறுபடி சுற்றினாள். பொறி வரவில்லை. மணல் மூட்டைக்குப் பின்னால் துப்பாக்கி ஒன்று க்ளிக் என்றது. மாதாவே, கைவிட்டுட்டியே என்று கண்ணை மூடிக்கொண்டு, எந்தப் பக்கம் என்று தெரியாமல் வெடுக்கென்று எதிர்ப்பக்கம் திருப்பினாள். நுனி விரலில் பட்டிருந்தது. சுள்ளென்று தோள்வரைக்கும் இழுத்தது.

"ஆத்தாடி!" என்று துள்ளி விழுந்தாள். மணல் மூட்டைக்குப் பின்னால் அத்தனை பேரும் தரையோடு படுத்துவிட்டார்கள்.

வெடிக்கவில்லை. அவள் எழுந்து உட்கார்ந்து, இப்போது வயரைத் தள்ளிப் பிடித்து மறுபடி அந்தப் பக்கமே சுற்றினாள். நீலமாகப் பொறி பறந்தது. முதலில் சிரித்தது சார்ஜன். பக்கத்தில் வந்து தானும் ஒரு தடவை சுற்றிப் பார்த்தார்.

"இனிமேல் கையில் பிடித்துக்கொண்டு வா, தங்கச்சி" என்றார். "ஒளித்தால் எங்களுக்கும் பயம்தானே."

குச்சி விட்ட பையன் ரோட்டோரம் குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான். தெரேசம்மா மண் ஒட்டின கருவாட்டைப் பொறுக்கிப் பையில் போட்டாள். காசு கொடுத்து வாங்கினதாயிற்றே.

வீட்டுக்கு வந்தபோது பொழுது சாயவில்லை. சரோன் பையை வாங்கி, "என்னம்மா கருவாடெல்லாம் மண்ணு?" என்றாள். "கடக்காரன் கொட்டிட்டான்" என்றாள் தெரேசம்மா. செல்வநாயகம் அவள் முகத்தையே பார்க்கவில்லை. இரும்பைத்தான் பார்த்தான். வாசலில் குந்தி, துடைத்து, சுற்றிப் பார்த்தான். முகம் மெல்ல விழுந்தது.

"தெரேசு, இது எதிர்ப்பக்கம் சுத்துற சாமான். நம்ம வண்டிக்கு ஆகாது. முக்தார் மாத்திக் குடுத்துட்டாரு." அப்போதுதான் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். "ஏன், ஒம் மூஞ்சி ஏன் இப்படி இருக்கு? நீ அலைஞ்சது போதும். நாளைக்கு நானே போய் மாத்திட்டு வாறேன்."

கொடியில் கிடந்த சட்டையை எடுத்துப் பையைத் தடவினான், அட்டை இருக்கிறதா என்று. அதைக் கண்டதும் அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. வரிசை, குச்சி, துப்பாக்கி, காகம், வாந்தியெடுத்த பையன் என்று முன்னும் பின்னுமாக எல்லாம் கொட்டிவிட்டாள். அவன் சட்டையை மறுபடி கொடியில் போட்டான்.

"வேணாம்" என்றான். "வண்டியும் வேணாம், வேலையும் வேணாம். குப்பையில போடு."

தெரேசம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே பார்த்தாள். அடுப்படியில் சரோன் கருவாட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். தெரேசம்மா மெக்னட்டோவை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"வேல வேணும். நாளைக்கும் நான்தான் போவேன். நீங்க போனா அந்த அட்டையப் பாத்ததும் புடிச்சி வச்சிக்குவாங்க, திரும்பி வர மாட்டீங்க. நான் பயந்துகிட்டாவது வந்து சேந்துருவேன்."