கட்டைகள் விழும் வேகம்

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற முதல் வாரத்திலேயே அம்மா வீட்டிலிருந்த போத்தல்களையெல்லாம் கழுவிக் கவிழ்த்துவிட்டார். பிறகு திரைச்சீலைகளைக் கழற்றினார். பிறகு என் மேசை இழுப்பறைக்கு வந்தார். தெப்ராவில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில், சிறு சிறு பாகங்களைப் பலகையில் செருகிச் செருகியே ஆயுளில் பாதியைக் கழித்தவர். கைகளுக்கு இப்போது வேலை இல்லை. நான் சிங்கப்பூர் நிறுவனம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தே கணக்கு வேலை பார்க்கிறேன். மீட்டிங் நடந்துகொண்டிருக்கும்போது என் முதுகுக்குப் பின்னால் துடைக்கும் துணியோடு நடப்பார். திரையில் எல்லாருக்கும் தெரியும்.

“கொஞ்சம் உக்காருங்கம்மா.”

“உக்காந்தா கை ஒரு மாதிரி இருக்குடி. சும்மா இருக்க மாட்டேங்குது.” பிறகு, ஏதோ நினைவு வந்தவராகக் கேட்டார். “நம்ம பழைய கம்ப்யூட்டர்ல ஒரு கேம் இருந்துச்சே, மேலேர்ந்து கட்டை கட்டையா வுழுமே, அது இப்ப கிடைக்குமா?”

தொழிற்சாலை அலுவலகத்தில் கழித்துப்போட்ட கணினி அது. ஷிப்ட் முடிந்து வந்ததும் அம்மா உடை மாற்றாமல்கூட அதன் முன்னால் உட்கார்ந்துவிடுவார். வண்ண வண்ணக் கட்டைகள் விழும். ஒரே நிறத்தில் மூன்று சேர்ந்தால் மறையும். எனக்குத் தெரிந்து எங்கள் தாமான் குடியிருப்பிலேயே அவரை வென்றவர் இல்லை. ஒருநாள் இடி விழுந்து கணினி போனது. அப்போது வேலை இருந்ததால் அம்மா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

முதலில் அவருடைய கைப்பேசியில் அதே மாதிரி ஒரு கேமைப் போட்டுக் கொடுத்தேன். சிறிது நேரத்தில் திருப்பிக் கொண்டுவந்தார்.

“நடுவுல நடுவுல ஒருத்தன் வந்து சவுக்காரம் விக்கிறான்லா. எனக்குப் பழையதுதான் வேணும்.”

படிக்கட்டுக்கு அடியில் கிடந்த பழைய கணினியைத் திறந்து, ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, ஒரு கேபிள் வாங்கி என் மடிக்கணினியோடு இணைத்தேன். கேம் இருந்த கோப்புறை அப்படியே கிடைத்தது. ஆனால் புது விண்டோஸ் அதைத் திறக்க மறுத்தது. எமுலேட்டர் என்று ஒரு மென்பொருள் உண்டு. புதுக் கணினிக்குள் ஒரு பழைய கணினியைப் போல நடிக்கும். அதை இறக்கினேன். முதலில் கறுப்புத் திரை. அடுத்து படம் வந்தது, சத்தம் வரவில்லை. சத்தம் வந்தபோது கட்டைகள் மழையாய்க் கொட்டின. கண் இமைப்பதற்குள் ஆட்டம் முடிந்தது. கணினி எவ்வளவு வேகமோ அவ்வளவு வேகத்தில் ஓடும்படி எழுதப்பட்ட கேம் அது. எமுலேட்டரில் ஓர் எண்ணை மாற்றித்தான் வேகத்தை அடக்க வேண்டும்.

குறைத்தேன். அம்மா விளையாடிப் பார்த்தார்.

“இது இல்ல. ரொம்ப வேகம்.”

இன்னும் குறைத்தேன்.

“இன்னும் வேகமாத்தான் இருக்கு.”

எனக்கு மாதக்கடைசிக் கணக்கு நெருக்கிக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் கணக்கு, ஒரு பக்கம் இணையத்தில் இதே பைத்தியம் பிடித்தவர்களின் உரையாடல்கள். எங்களிடம் இருந்த மாதிரிக் கணினிக்குச் சரியான எண் எது என்று அங்கே ஒருவர் சொல்லியிருந்தார். அதையே வைத்தேன். அம்மா உட்கார்ந்தார், தோற்றார், எழுந்தார்.

“தப்பா வச்சிருக்க.”

“இதுதாம்மா சரியான வேகம். பழைய மெஷின் இப்படித்தான் ஓடியிருக்கும்.”

“தினம் விளையாண்டது நீயா நானா?”

இரண்டு பேரும் குரலை உயர்த்தினோம். பிறகு இரண்டு பேருமே வீட்டுக்குள் மாறி மாறி நடந்தோம். ஒரு முடிவு தெரியாமல் எனக்கு வேலை ஓடாது என்று தோன்றியது. ஸ்கூடாயில் பழைய கணினிகளைப் பழுதுபார்த்து வைத்திருக்கும் சீனர் ஒருவர் கடை நடத்துவதாகக் கேள்விப்பட்டிருந்தேன். சனிக்கிழமை அம்மாவைக் காரில் ஏற்றினேன். வழியெல்லாம் ஜாம். அம்மா ஜன்னல் கண்ணாடியை இறக்குவதும் ஏற்றுவதுமாக இருந்தார். நிறுத்தச் சொல்ல வாயெடுத்தேன். என் விரல்களும் ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டிருந்தன.

கடைக்காரரிடம் எங்களுடையதைப் போலவே ஒரு கணினி இருந்தது. பென்டிரைவில் நான் கொண்டுபோன கேமை அவர் எப்படியோ அதில் ஏற்றிக் கொடுத்தார். அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அதே தடித்த விசைப்பலகை, அதே டிக் டிக். கட்டைகள் விழுந்தன. தோற்றார். மறுபடியும் ஆடித் தோற்றார்.

“லாஜு சாங்காட் லா, தவுக்கே,” என்றார், ரொம்ப வேகம் முதலாளி என்று. வேகத்தைக் குறைக்கச் சொல்கிறார் என்று கடைக்காரருக்குப் புரிந்தது. சிரித்தபடி மலாயில் பதில் சொன்னார்: குறைக்க இதில் ஒன்றுமில்லை, இது அசல் மெஷின், அந்தக் காலத்திலும் இப்படித்தான் ஓடியது.

அம்மா திரையைப் பார்த்தபடியே இருந்தார். நான் வெளியே வந்து, காரணமே இல்லாமல் கார் இருக்கிற இடத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

திரும்பும் வழியில் கேட்டார்.

“கடைசி வருசம் என்னைய லைன்லேர்ந்து பேக்கிங்குக்கு மாத்தினாங்கல்ல?”

“ஆமா. பெல்ட் ஓடுற வேகத்தைக் கூட்டிட்டாங்கன்னு சொன்னீங்க.”

“அப்படித்தான் எல்லார்கிட்டயும் சண்டை போட்டேன். லைன் லீடர் பொண்ணு, அதே வேகம்தான் ஆன்ட்டின்னு சொல்லிச்சு. நான் நம்பல.” ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டு, “பாவம், அதைப் போட்டு ஏசினேன்,” என்றார்.

ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது. வயதானால் எல்லாருக்கும் அப்படித்தான் என்று சொல்லலாம். சொன்னால் அழுவாரோ என்றிருந்தது. முன்னால் நின்ற லாரி அசையவே இல்லை.

அம்மா அழவில்லை. “வீட்டுக்குப் போயி கொறச்சு வச்சிடு,” என்றார்.

“எவ்வளவு?”

“எனக்கு வர்ற அளவுக்கு. யாரு வந்து பாக்கப் போறா?”

வீட்டில் ஒரு பழைய மடிக்கணினியில் எல்லாவற்றையும் போட்டுக் கொடுத்து, வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் எந்த விசைகள் என்று காட்டினேன். அதன்பின் என்னைக் கூப்பிடவே இல்லை. காலையில் மெதுவாகத் தொடங்குவார். கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவார். எங்கோ ஓரிடத்தில் தோற்று, ஐயோ என்பதுபோல் “அலமாக்!” என்று சத்தம் வரும், மறுபடி குறைத்துக்கொள்வார். அவருக்கு அது போதுமானதாக இருந்தது.

எனக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. எண்களைத் தட்டும்போது என் விரல்களையே கவனிக்கத் தொடங்கினேன். முன்பெல்லாம் இவ்வளவு அழித்து எழுதினேனா? போன வருடமும் இப்படித்தானா? ஒருநாள் காலை அம்மா பசாருக்குச் சாமான் வாங்கப் போயிருந்தபோது அவருடைய மேசையில் உட்கார்ந்து, அசல் வேகத்துக்கு எண்ணை ஏற்றி ஆடினேன். தோற்றேன். அம்மா ஸ்கூடாயில் தாக்குப்பிடித்ததில் பாதிகூட நான் நிற்கவில்லை. வேலை நேரம் தொடங்கியும் எழுந்திருக்காமல் மறுபடி மறுபடி ஆடிக்கொண்டிருந்தேன்.

அம்மா வந்தது தெரியவில்லை. கையில் பையோடு பின்னால் நின்றார்.

“என்னடி, வேலை இல்லையா?”

“வரவே மாட்டேங்குதும்மா.”

“வராது. நீ கட்டையப் பாக்குற. அடியில உள்ள ஓட்டையப் பாக்கணும்.” பையை என் மடியில் வைத்தார். “ரொட்டி சானாய் வாங்கியாந்திருக்கேன், ஆறிடும். போயி பசியாறு. நகரு.”

நான் எழுந்ததும், வேகத்தைக் குறைக்காமலேயே உட்கார்ந்து ஆடத் தொடங்கினார்.